கேட்டலும் கீழ்ப்படிதலும்: விவிலியக் கிரேக்கத்தில் ‘அக்கூவோ’ என்னும் வினைச்சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

ஒரு மொழியின் சொல் பிறிதொரு மொழியின் சமய நூலை மொழிபெயர்க்கப் பயன்படும்போது, அச்சொல் தன் பழைய பொருளை முற்றும் இழப்பதில்லை. மூலமொழிச் சொல்லின் பொருளை முழுமையாக ஏற்பதும் இல்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் நின்று புதிய பொருட்பரப்பைப் பெறுகிறது. கேட்டலைக் குறிக்கும் ‘அக்கூவோ’ என்னும் கிரேக்க வினைச்சொல் இதற்குத் தக்க சான்றாகும். ஹோமர் காலம் முதல் வழங்கிய இச்சொல், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எபிரேய வேத நூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது ‘ஷமா’ என்னும் எபிரேய வினைக்கு ஈடாக நின்றது. பின்னர்ப் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் கையில் அது நம்பிக்கை, கீழ்ப்படிதல், புரிந்துகொள்ளல் ஆகிய கருத்துகளைத் தாங்கும் சொல்லாயிற்று.

இச்சொல் ஏற்கும் வேற்றுமையைக் கொண்டு அதன் பொருளை வரையறுக்க இயலுமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டு விவிலிய இலக்கண அறிஞரிடையே நீண்ட விவாதத்திற்கு உள்ளாயிற்று. அவ்விவாதத்தின் முடிவைப் பொறுத்தே, முரண்படுவனவாகத் தோன்றும் இரு தொடர்களை மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு பெயர்ப்பது என்பதும் அமையும். இச்சொல்லின் வரலாற்றையும் அவ்விவாதத்தையும், தமிழ் விவிலியத்தில் இச்சொல் பெற்ற வடிவங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கிரேக்க உலகில் கேட்டல்

செவ்வியல் கிரேக்கத்தில் ‘அக்கூவோ’ என்பது பல பொருள் தரும் வினை. ஒலியைச் செவியால் உணர்தல் அதன் அடிப்படைப் பொருள். ஒருவரைப் பற்றிக் கேள்விப்படுதல், ஓர் ஆசிரியரிடம் பாடங்கேட்டல், ஒருவர் சொல்லுக்கு இணங்குதல் என்பனவும் அதற்கு உண்டு. ‘நன்றாகக் கேட்டல்’, ‘தீயதாகக் கேட்டல்’ என நேர்பொருள் தரும் தொடர்கள் கிரேக்கத்தில் முறையே ‘நற்பெயர் பெறுதல்’, ‘பழிக்கப்படுதல்’ என்னும் பொருளில் வழங்கின. ஒருவன் பிறர் வாயிலாகத் தன்னைப் பற்றிக் கேட்பதே அவனது புகழாகவும் பழியாகவும் கருதப்பட்டது.

இவ்வினையினின்று பிறந்த பெயர் ‘அக்கொயே’. இது கேட்கும் புலனையும், கேட்கும் செயலையும், கேட்கப்பட்ட செய்தியையும் ஒருங்கே குறிக்கும். வரலாற்றாசிரியரிடத்து இச்சொல் தனிச்சிறப்புப் பெற்றது. தாம் கண்டறிந்தவற்றையும் பிறர் சொல்லக் கேட்டவற்றையும் எரோதோத்தசு வேறுபடுத்திக் காட்டுகிறார். கண் செவியினும் நம்பத்தக்க சான்று என்னும் கருத்து ஹெராக்ளித்தசின் துணுக்குகளிலும் எரோதோத்தசின் நூலிலும் காணப்படுகிறது. எனவே கேள்விச் செய்தி காட்சிச் சான்றைவிடத் தாழ்ந்தது என்னும் மதிப்பீடு கிரேக்க மரபில் இருந்தது.

ஆயினும் இதனை மட்டும் கொண்டு கிரேக்கர் கேட்டலைப் போற்றவில்லை எனக் கருதுதல் பொருந்தாது. பித்தகோரசின் மாணாக்கருள் ஒரு பிரிவினர் ‘கேட்போர்’ எனவே பெயர் பெற்றனர்; அவர்களிடையே வாய்மொழியாக வழங்கிய மெய்யுரைகள் ‘கேட்கப்பட்டவை’ எனப்பட்டன. கேட்டல் வாயிலாக அறிவு பெறும் மரபும் அம்மொழியில் வேரூன்றி இருந்ததை இவை காட்டுகின்றன. கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்த திருக்குறளின் அமைப்பை அறிந்த தமிழறிஞர்க்கு இது வியப்பளிப்பதன்று.

2. எபிரேயச் சொல்லும் எழுபதின்மர் மொழிபெயர்ப்பும்

எபிரேயத்தில் ‘ஷமா’ என்னும் வினை கேட்டல், செவிசாய்த்தல், இணங்கி நடத்தல், மொழியைப் புரிந்துகொள்ளல் ஆகிய அனைத்தையும் குறிக்கும். கீழ்ப்படிதலைச் சுட்டுதற்கு அம்மொழி பெரிதும் இவ்வினையையே சார்ந்துள்ளது. இணைச்சட்டம் ஆறாம் அதிகாரத்தில் இசுரயேலை விளித்துக் கேட்குமாறு பணிக்கும் தொடர், யூத வழிபாட்டின் அறிக்கையாகவே நிலைத்து, அதன் முதற்சொல்லால் ‘ஷெமா’ எனப் பெயர் பெற்றது. அங்குக் கேட்குமாறு பணிப்பது உணர்ந்து ஏற்று நடக்குமாறு பணிப்பதேயாகும்.

அலெக்சாந்திரியாவில் ஐந்நூலைக் கிரேக்கமாக்கிய எழுபதின்மர் மரபினர், ‘ஷமா’ என்பதற்கு ‘அக்கூவோ’ என்பதையும், முன்னொட்டுப் பெற்ற ‘எய்சக்கூவோ’, ‘ஹுப்பக்கூவோ’ என்பனவற்றையும் ஆண்டனர். எபிரேயத்தில் வினையை வலியுறுத்த அதன் வினையெச்ச வடிவத்தை இரட்டித்துக் கூறும் வழக்கு உண்டு. இதனைக் கிரேக்கத்தில் ‘கேள்வியால் கேட்பீர்கள்’ எனப் பொருள்படும் வகையில், பெயரையும் வினையையும் இணைத்து அவர்கள் பெயர்த்தனர். விடுதலைப் பயணம் 19:5, எசாயா 6:9 ஆகிய இடங்களில் இவ்வடிவம் உள்ளது. எசாயாவின் அவ்விடம் மத்தேயு 13:14இலும் அப்போஸ்தலர் நடபடிகள் 28:26இலும் எடுத்தாளப்பட்டமையால், எபிரேயத் தொடரமைப்பு கிரேக்கப் புதிய ஏற்பாட்டினுள்ளும் புகுந்தது.

வேற்றுமை ஆட்சியில் எழுபதின்மர் காட்டிய நுட்பம் இங்குக் கருதத்தக்கது. தொடக்க நூல் மூன்றாம் அதிகாரத்தில் ‘குரல்’, ‘ஓசை’ என இருபொருள் தரும் ‘ஃபோனே’ என்னும் பெயர், ‘அக்கூவோ’ வினையோடு மும்முறை வருகிறது. தோட்டத்தில் உலவிய இறைவனின் ஓசையை ஆதாமும் ஏவாளும் கேட்டனர் என்னும் எட்டாம் வசனத்திலும், அதனைக் கேட்டு அஞ்சியதாக ஆதாம் கூறும் பத்தாம் வசனத்திலும் அப்பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. மனைவியின் சொல்லுக்கு ஆதாம் இணங்கியதை இறைவன் கடிந்துரைக்கும் பதினேழாம் வசனத்தில் அதே பெயர் ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது. எபிரேய மூலத்தில் முன்னது நேர் செயப்படுபொருளாகவும், பின்னது ‘-க்கு’ எனப் பொருள்படும் இடைச்சொல் பெற்றும் வருகின்றன. அவ்வேறுபாட்டைக் கிரேக்க வேற்றுமை கொண்டு எழுபதின்மர் காட்டினர் எனலாம். ஆகவே இவ்வதிகாரத்தில் இரண்டாம் வேற்றுமை ஒலியைக் கேட்டலையும், ஆறாம் வேற்றுமை சொல்லை ஏற்று நடத்தலையும் சுட்டுகின்றன.

புரிதற்பொருளில் இவ்வினை வரும்போது வேற்றுமை ஒரு சீராக அமையவில்லை. பாபேல் நிகழ்ச்சியில் ஒருவர் மொழியை மற்றவர் கேளாதவாறு, அதாவது புரிந்துகொள்ளாதவாறு, குழப்புதல் பற்றிக் கூறுமிடத்து (தொடக்க நூல் 11:7) இரண்டாம் வேற்றுமை உள்ளது. மொழி புரியாத அயல்நாட்டார் படையெடுத்து வருவர் என எச்சரிக்குமிடத்து (இணைச்சட்டம் 28:49) ஆறாம் வேற்றுமை உள்ளது. இரண்டிலும் ‘கேளாமை’ என்பது ‘மொழி விளங்காமை’யே. இவ்விரு சான்றுகளும் பின்னர் எழுந்த விவாதத்தை எடைபோட உதவுகின்றன.

3. முன்னொட்டுப் பெற்ற வடிவங்கள்

‘கீழ்’ எனப் பொருள்படும் ‘ஹுப்பொ’ என்னும் முன்னொட்டு ‘அக்கூவோ’வுடன் சேர்ந்து ‘ஹுப்பக்கூவோ’ என்றாகிறது. புதிய ஏற்பாட்டில் இது பெரும்பாலும் கீழ்ப்படிதலைக் குறிக்கும். காற்றும் கடலும் இயேசுவுக்கு அடங்கியதை வியக்கும் மாற்கு 4:41இல் இவ்வினையே உள்ளது. எனினும் இதன் பழைய பொருள் முற்றும் மறைந்துவிடவில்லை. சிறையினின்று விடுபட்ட பேதுரு ஒரு வீட்டின் வாயிற்கதவைத் தட்டியபோது, ரோதை என்னும் பணிப்பெண் ‘ஹுப்பக்கூவோ’ செய்ய வந்தாள் என அப்போஸ்தலர் நடபடிகள் 12:13 கூறுகிறது. கதவு தட்டும் ஒலி கேட்டு யாரெனக் கேட்க வருதல் என்பதே இங்குப் பொருள். பிளேட்டோவின் உரையாடல்களில் சிறைக்காவலன் வாயிலில் மறுமொழி தருவதும் இதே வினையால் சுட்டப்படுகிறது. அழைப்பொலி கேட்டு எழுந்து வருதல் என்னும் வீட்டு வழக்கினின்று, ஆணைக்கு இணங்குதல் என்னும் பொருள் எளிதில் கிளைத்திருக்கும்.

‘புறத்தே’, ‘பக்கத்தே’ எனப் பொருள்படும் முன்னொட்டுப் பெற்ற ‘பரக்கூவோ’ வேறு திசையில் சென்றது. தற்செயலாகக் காதில் விழுதல், கேட்டும் பொருட்படுத்தாமை என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. எழுபதின்மர் வழக்கில் பின்னதே காணப்படுகிறது. மத்தேயு 18:17இலும் அதுவே பொருள். மாற்கு 5:36இல் யாயீரின் மகள் இறந்தாள் என்னும் செய்தியை இயேசு தற்செயலாகக் கேட்டாரா, கேட்டும் புறக்கணித்தாரா என்பது உரையாசிரியரிடையே கருத்து வேறுபாட்டிற்குரியது. கையெழுத்துப் படிகள் பலவற்றில் முன்னொட்டு நீங்கிய வடிவம் காணப்படுவது, படியெடுத்தோரும் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்ததைக் காட்டக்கூடும்.

இவ்விரு முன்னொட்டுகளின் எதிர்நிலையைப் பவுல் உரோமையர் 5:19இல் முழுமையாகப் பயன்கொள்கிறார். ஆதாமின் ‘பரக்கொயே’ ஒருபுறம். கிறித்துவின் ‘ஹுப்பக்கொயே’ மறுபுறம். ஒரே வேரினின்று பிறந்த இரு சொற்களால் மானிட வரலாற்றின் இரு முனைகள் சுட்டப்படுகின்றன. தொடக்க நூலில் ஆதாமின் குற்றம் ‘கேட்டல்’ என்னும் வினையாலேயே கூறப்பட்டிருப்பதை நோக்க, பவுலின் சொல்லாட்சி பொருத்தமுடையதாகிறது.

இதே நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் இச்சொற்குடும்பம் ஒரு சங்கிலியாகத் தொடர்கிறது. பதினாறாம் வசனத்தில் அனைவரும் நற்செய்திக்கு இணங்கவில்லை என்பதற்கு ‘ஹுப்பக்கூவோ’. அதே வசனத்தில் எசாயா 53:1இன் மேற்கோளில் கேட்கப்பட்ட செய்திக்கு ‘அக்கொயே’. பதினேழில் நம்பிக்கைக்கு ஊற்றாக மீண்டும் ‘அக்கொயே’. பதினெட்டில் அவர்கள் கேட்கவில்லையா என்னும் வினாவில் ‘அக்கூவோ’. பதினேழாம் வசனத்து ‘அக்கொயே’ கேட்கும் செயலா, கேட்கப்பட்ட செய்தியா என்பது விவாதத்திற்குரியது. எசாயாவின் எபிரேயச் சொல் செய்தியையே குறிப்பதால் பின்னதற்கு வலுவுண்டு. அடுத்த வசனத்தின் வினா கேட்கும் செயலைச் சுட்டுவதால் முன்னதும் தள்ளத்தக்கதன்று.

4. தமஸ்கு வழியில் எழுந்த இலக்கணச் சிக்கல்

சவுல் தமஸ்குக்குச் செல்லும் வழியில் பெற்ற அனுபவம் அப்போஸ்தலர் நடபடிகளில் 9, 22, 26 ஆகிய மூன்று அதிகாரங்களில் கூறப்படுகிறது. உடன் சென்றோர் குரலைக் கேட்டனர். எவரையும் காணவில்லை என்பது 9:7. அவர்கள் ஒளியைக் கண்டனர். பேசியவரின் குரலைக் கேட்கவில்லை என்பது 22:9. ஒரே நூலில், ஒரே நிகழ்ச்சி குறித்து, ஒரே வினை உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் வருகிறது.

இதற்கு இலக்கண வழியில் ஒரு விடை கூறப்பட்டது. 9:7இல் ‘ஃபோனே’ ஆறாம் வேற்றுமையிலும், 22:9இல் இரண்டாம் வேற்றுமையிலும் உள்ளது. ஆறாம் வேற்றுமை வெற்றொலியைக் கேட்டலையும், இரண்டாம் வேற்றுமை பொருளுணர்ந்து கேட்டலையும் குறிக்கும் எனக் கொண்டால் முரண் நீங்கும். உடன் சென்றோர் ஒலி கேட்டனர், பொருள் உணரவில்லை. ஜே. எச். மௌல்டன் 1906இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு இலக்கண முன்னுரையில் இவ்வேறுபாட்டை ஆதரித்தார். நூலாசிரியரைத் தன்முரணினின்று காப்பதே இவ்விதியை ஏற்கப் போதிய காரணம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஏ. டி. ராபர்ட்சன் 1914இல் வெளியிட்ட பேரிலக்கணத்திலும் இக்கருத்து இடம்பெற்றது.

இவ்வாதத்தின் முறையியலிலேயே குறை உள்ளது. விதி வழக்கினின்று பெறப்பட வேண்டும். ஓரிடத்துச் சிக்கலைத் தீர்க்கும் தேவையினின்று பெறப்படலாகாது. சி. எஃப். டி. மௌல் 1953இல் வெளியான தம் நூலில் இவ்வேறுபாட்டை ஐயுற்றார். ஆர். ஜி. பிராட்சர் இவ்விரு வசனங்களைப் பற்றியே 1959-60இல் ஒரு தனிக்கட்டுரை எழுதி, வழக்குகள் இவ்விதிக்குத் துணைநிற்கவில்லை எனக் காட்டினார். டேனியல் வாலஸ் 1996இல் வெளியிட்ட இலக்கணமும் விதிக்கு மாறான இடங்கள் மிகுதி என்பதை எடுத்துக்காட்டியது.

நூலின் அகச்சான்றே இதற்குப் போதுமானது. சவுல் குரலைக் கேட்டதை 9:4உம் 26:14உம் இரண்டாம் வேற்றுமையிலும், 22:7 ஆறாம் வேற்றுமையிலும் கூறுகின்றன. மூன்றிடத்தும் சவுல் சொற்களை உணர்ந்தே கேட்டார். சிக்கலுக்குரிய 22:9இற்கு இரண்டு வசனம் முன்னரே ஆறாம் வேற்றுமை பொருளுணர்ந்த கேட்டலைக் குறிக்கிறது. பேதுரு தமக்குக் கட்டளையிட்ட குரலைக் கேட்டதும் (11:7) ஆறாம் வேற்றுமையே. மறுதலையாக, இறையரசின் வார்த்தையைக் கேட்டும் உணராதவனைப் பற்றிய மத்தேயு 13:19இல் கேட்கப்படும் பொருள் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. உணராமை அங்கு வெளிப்படையாகவே கூறப்படுகிறது. காற்றின் ஓசையைக் கேட்டும் அது வருமிடம் அறியாமையைக் கூறும் யோவான் 3:8உம் இத்தகையதே. வெளிப்படுத்தல் நூலில் விண்ணினின்று பேசிய குரல் 10:4இல் இரண்டாம் வேற்றுமையிலும், 14:13இல் ஆறாம் வேற்றுமையிலும் வருகிறது. தொடக்க நூல் மூன்றாம் அதிகாரம் இவ்விதிக்கு நேரெதிராக அமைந்துள்ளதை முன்னரே கண்டோம்.

வேற்றுமை விதி வீழ்ந்தமையால் ‘புரிந்துகொள்ளவில்லை’ என்னும் விளக்கமும் வீழ்ந்தது எனல் வேண்டா. அவ்விளக்கத்திற்கு வேறு அடிப்படை உண்டு. பாபேல் நிகழ்ச்சியிலும், அந்நிய மொழியில் பேசுபவனை ஒருவரும் ‘கேட்பதில்லை’ எனப் பவுல் கூறும் 1 கொரிந்தியர் 14:2இலும் ‘அக்கூவோ’ ஐயத்திற்கிடமின்றிப் புரிதலைக் குறிக்கிறது. ஆகவே 22:9இல் அப்பொருள் கொள்ள இயலும். ஆனால் அப்பொருள் வினையின் பொருட்பரப்பினின்று பெறப்படுவது. வேற்றுமை உருபினின்று பெறப்படுவதன்று. இயலும் என்பதும் உறுதி என்பதும் வேறு. உடன் சென்றோர் 9:7இல் நிற்கின்றனர். 26:14இல் அனைவரும் தரையில் விழுகின்றனர். இவ்வேறுபாட்டை எந்த வேற்றுமை விதியும் தீர்க்காது. மூன்று கூற்றுகளும் மூன்று சூழல்களில், மூன்று அவையினர் முன் நிகழ்பவை. நூலாசிரியர் சிறு விவரங்களில் ஒருமை காண முற்படவில்லை என்று கொள்வதும் ஏற்புடையதே.

5. சொல்லும் சிந்தனையும்

இச்சொல்லை முன்வைத்து மற்றொரு பொதுமையாக்கமும் எழுந்தது. எபிரேயர் செவியால் சிந்திப்பவர், கிரேக்கர் கண்ணால் சிந்திப்பவர் என்னும் எதிர்நிலையே அது. கெர்ஹார்ட் கிட்டல் பதிப்பித்த புதிய ஏற்பாட்டு இறையியல் அகராதியின் முதல் தொகுதி 1933இல் நிறைவுற்றது. அதில் ‘அக்கூவோ’ பற்றிய கட்டுரையைக் கிட்டலே எழுதினார். தோர்லீஃப் பொமன் 1952இல் வெளியிட்ட நூல் எபிரேய, கிரேக்கச் சிந்தனை முறைகளை விரிவாக எதிர்நிறுத்தியது. ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலிய மொழியின் பொருண்மையியல் பற்றிய நூல் இப்போக்கை வன்மையாக மறுத்தது. ஒரு சொல்லின் அகராதிப் பொருள்கள் அனைத்தையும் ஓரிடத்தே ஏற்றிக் காண்பதும், மொழியமைப்பினின்று ஓர் இனத்தின் சிந்தனையை நேராகப் பெறுவதும் பிழை என்பது அவர் நிலைப்பாடு.

‘அக்கூவோ’வின் வரலாறு பாரின் எச்சரிக்கைக்கு அரணாகிறது. இணங்குதல் பொருள் எபிரேயத்தின் தனியுடைமையன்று. கிரேக்கத்திலும் தொன்றுதொட்டு உள்ளது. தமிழிலும் ‘சொற்கேட்டல்’ என்பது கீழ்ப்படிதலே. கேட்டலினின்று கீழ்ப்படிதல் கிளைப்பது பல மொழிகளுக்கும் பொதுவான பொருள் வளர்ச்சி. எழுபதின்மர் புதுப்பொருள் புகுத்தவில்லை. இருந்த பொருளுள் ஒன்றை முன்னிறுத்தினர்.

6. தமிழ் விவிலியத்தில் கேட்டல்

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சேறியது. பப்ரிசியசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவினரின் மொழிபெயர்ப்பு 1871இல் முழு நூலாகி, சீர்திருத்தச் சபையாரிடையே நிலைபெற்றது. இப்பவர் மரபில் இச்சொல் பெற்ற வடிவங்கள் கருதத்தக்கன.

தொடக்க நூல் 3:8இல் இரண்டாம் வேற்றுமையுடன் ‘கேள்’ என்னும் வினையும், 3:17இல் நான்காம் வேற்றுமையுடன் ‘செவிகொடு’ என்னும் வினையும் ஆளப்பட்டுள்ளன. எபிரேயத்தின் ‘-க்கு’ப் பொருள் இடைச்சொல்லைத் தமிழின் நான்காம் உருபு இயல்பாகவே ஏற்றது. எழுபதின்மர் ஆறாம் வேற்றுமையால் காட்டியதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உருபாலும் வினையாலும் ஒருசேரக் காட்டினர்.

பாபேல் நிகழ்ச்சியிலும் 1 கொரிந்தியர் 14:2இலும் ‘அறி’ என்னும் வினையே இடம்பெறுகிறது. புரிதற்பொருள் தெளிவான இடங்களில் ‘கேள்’ என்பதை விடுத்து ‘அறி’ என்பதை ஆள அவர்கள் தயங்கவில்லை என்பது இதனால் விளங்கும். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 22:9இல் ‘கேள்’ என்னும் வினையையே எதிர்மறையாக்கி நிறுத்தினர். 9:7உடன் எழும் முரண் தமிழிலும் அவ்வாறே நிற்கிறது. ஆங்கிலப் புதிய மொழிபெயர்ப்புகள் சில 9:7இல் ஒலி எனவும், 22:9இல் புரிந்துகொள்ளாமை எனவும் பெயர்த்து முரணை மறைத்தன. தமிழ் மரபு மூலத்தின் சொல்லை விட்டு விலகவில்லை.

உரோமையர் 10ஆம் அதிகாரத்தில் ‘கேள்விப்படு’, ‘கேள்வி’ என்னும் சொற்கள் ‘அக்கொயே’க்கு ஈடாக நின்று, பதினாறாம் பதினேழாம் வசனங்களின் தொடர்பைக் காக்கின்றன. ‘ஹுப்பக்கூவோ’வுக்குக் ‘கீழ்ப்படி’ என்பதை ஆண்டமையால் சங்கிலியின் முதற்கண்ணி மட்டும் தமிழில் விடுபடுகிறது. ‘கேள்வி’ என்பது கேட்கும் செயலையும் கேட்டறிந்த பொருளையும் ஒருங்கே குறிப்பதால், ‘அக்கொயே’யின் இருபொருள் நிலையை இத்துணை நெருக்கமாக ஏற்கும் சொல் பிறிதொன்றைக் காணல் அரிது. ஆயின் இக்காலத் தமிழில் ‘கேள்வி’ பெரிதும் வினாவையே சுட்டுகிறது. நம்பிக்கை வினவுதலால் வரும் என இன்றைய வாசகர் பொருள்கொள்ள இடமுண்டு. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு அறிவிப்பதைக் கேட்டல் என விரித்துரைத்தமை இவ்விடர்ப்பாட்டை நீக்குகிறது. அதனோடு மூலத்தின் இருபொருள் நிலையும் நீங்குகிறது.

முடிவுரை

‘அக்கூவோ’ என்னும் வினை ஒலியுணர்தல் முதல் இணங்கி நடத்தல் வரை விரிந்த பொருட்பரப்புடையது. அவ்விரிவு கிரேக்கத்திலேயே இருந்தது. எபிரேய ‘ஷமா’வின் செல்வாக்கால் விவிலிய வழக்கில் வலுப்பெற்றது. தொடக்க நூல் மூன்றாம் அதிகாரம் போன்ற இடங்களில் வேற்றுமை பொருள் வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆனால் அது அவ்விடத்து மூலத்தைப் பின்பற்றி அமைந்தது. அதனைப் பொதுவிதியாக்கி அப்போஸ்தலர் நடபடிகளின் முரணைத் தீர்க்க முற்படுவதற்கு வழக்குகள் இடந்தரவில்லை. பொருளை முடிவு செய்வது சூழலே. உருபு அதற்குத் துணையாகலாம், மாற்றாக இயலாது.

பவர் மரபினர் புரிதற்பொருள் ஐயமற்ற இடங்களில் ‘அறி’ எனவும், ஐயமுள்ள இடத்தில் ‘கேள்’ எனவும் ஆண்ட முறை, மூலத்தின் இடர்ப்பாட்டை வாசகரிடம் மறையாது ஒப்படைக்கும் முறையாகும். சீகன்பால்கு, பப்ரிசியசு, இரேனியசு, பவர், பொது மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் கேட்டல், செவிகொடுத்தல், அறிதல், கீழ்ப்படிதல் ஆகிய வினைகளின் ஆட்சியை இடந்தோறும் ஒப்பிட்டுத் தொகுத்தால், ‘கேள்வி’ என்னும் சொல் கற்றறிதலினின்று வினாவுக்குச் சுருங்கிய வரலாற்றின் ஒரு பகுதியும் அதனுள் தெளிவாகும்.